நெகிழ்வான வேலை நேரம்: பெற்றோருக்கும் மற்ற ஊழியர்களுக்கும் அது தருவது என்ன?

ஓர் ஊழியர் ஒரு நாளில் எத்தனை மணி நேரம் வேலை செய்ய வேண்டும் என்பது ஒரு கேள்வி. அந்த மணி நேரங்கள் நாளின் எந்தப் பகுதியில் அமைய வேண்டும் என்பது வேறொரு கேள்வி. நம் அலுவலகங்களில் பெரும்பாலும் இந்த இரண்டையும் ஒன்றாகவே முடிச்சுப் போட்டு வைத்திருக்கிறார்கள். நெகிழ்வான வேலை நேரம் என்பது முதல் கேள்விக்கான விடையைத் தொடாமல், இரண்டாவது கேள்விக்கான விடையைத் தீர்மானிப்பதில் ஊழியருக்கும் பங்கு கொடுக்கும் ஏற்பாடாகும். எட்டு மணி நேர வேலை எட்டு மணி நேரமாகவே இருக்கும், சம்பளமும் குறையாது. வேலை தொடங்கும் நேரமும் முடியும் நேரமும் மட்டுமே ஆளுக்கு ஆள் வேறுபடும்.

நமக்குப் பழக்கமான ‘பெர்மிஷன்’ முறையிலிருந்து இது வேறுபட்டது. பல அலுவலகங்களில் மாதத்திற்கு ஒன்றிரண்டு முறை ஒரு மணி நேரம் தாமதமாக வரவோ முன்னதாகக் கிளம்பவோ மேலாளரிடம் பெர்மிஷன் கேட்கலாம். அதற்கு மேல் தாமதமானால் அரை நாள் விடுப்பு கழியும். மத்திய அரசு அலுவலகங்களிலும், தக்க காரணம் இருந்தால் மாதத்தில் இரண்டு தடவை வரை ஒரு மணி நேரத் தாமதத்தைப் பொறுத்துக்கொள்ளலாம் என்றும், மற்றபடி ஒவ்வொரு தாமதத்திற்கும் அரை நாள் தற்செயல் விடுப்பைக் கழிக்கலாம் என்றுமே விதி இருக்கிறது. பெர்மிஷன் என்பது ஒருவர் மனமிரங்கித் தரும் சலுகை. ஒவ்வொரு முறையும் காரணம் சொல்லி, முகம் பார்த்துக் கேட்டு வாங்க வேண்டியது. நெகிழ்வான வேலை நேரம் முன்கூட்டியே எழுதி வைக்கப்பட்ட ஒரு முறை. அந்த முறைக்குள் பத்து மணிக்கு வருபவர் தாமதமாக வந்தவர் ஆகமாட்டார்.

நடைமுறையில் இது எப்படி இயங்குகிறது?

மிகப் பரவலாக உள்ள வடிவத்தில் நாள் இரண்டு பகுதிகளாகப் பிரிக்கப்படுகிறது. எல்லோரும் கட்டாயம் இருக்க வேண்டிய நடுப்பகுதி ஒன்று உண்டு. அதை மைய நேரம் என்று வைத்துக்கொள்வோம். அதற்கு முன்னும் பின்னும் உள்ள நேரத்தில் எப்போது வருவது, எப்போது கிளம்புவது என்பதை ஊழியர் தீர்மானிக்கிறார். கூட்டங்கள், ஒருவரோடு ஒருவர் பேசி முடிக்க வேண்டிய வேலைகள் போன்றவை மைய நேரத்துக்குள் வைக்கப்படுகின்றன.

ஒரு கற்பனைக் குடும்பத்தை எடுத்துக்கொள்வோம். வேளச்சேரியில் குடியிருக்கும் கணவன், மனைவி இருவரும் வேலைக்குப் போகிறவர்கள். இரண்டாம் வகுப்பில் ஒரு மகள். பள்ளி காலை எட்டரைக்குத் தொடங்கி மாலை மூன்றரைக்கு முடிகிறது. மனைவியின் அலுவலகம் சிறுசேரியில், கணவருடையது கிண்டியில். இரண்டு அலுவலகங்களும் ஒன்பது மணிக்குத் தொடங்கினால், சிறுசேரிக்குப் போக வேண்டியவர் ஏழே முக்காலுக்கே பேருந்தில் இருக்க வேண்டும். குழந்தையை அதற்கும் முன்னால் யாரிடமாவது ஒப்படைக்க வேண்டும். மாலையில் இருவரும் வீடு திரும்ப ஏழு மணியாகும் என்பதால், அந்தக் குழந்தை மூன்றரை மணி நேரம் காப்பகத்தில் உட்கார்ந்திருக்கும். இப்போது இரண்டு அலுவலகங்களிலும் காலை பத்து முதல் மாலை மூன்று வரை மைய நேரம் என்றும், காலை ஏழரைக்கும் இரவு ஏழுக்கும் இடையே எட்டு மணி நேர வேலையை முடித்தால் போதும் என்றும் வைத்துக்கொள்வோம். மனைவி எட்டரைக்கு மகளைப் பள்ளியில் விட்டுவிட்டு ஒன்பதே முக்காலுக்கு வேலையைத் தொடங்கி, அரை மணி நேர உணவு இடைவேளையுடன் மாலை ஆறேகாலுக்கு முடிக்கலாம். கணவர் ஏழரைக்கே தொடங்கி நான்கு மணிக்குக் கிளம்பி, நாலரைக்குக் காப்பகத்தில் மகளை அழைத்துக்கொள்ளலாம். இருவருமே ஒரு நிமிடம்கூடக் குறைவாக வேலை செய்யவில்லை. குழந்தையின் காத்திருப்பு மட்டும் மூன்றரை மணி நேரத்திலிருந்து ஒரு மணி நேரமாகச் சுருங்கிவிட்டது. காலையில் விடுவது ஒருவர், மாலையில் அழைப்பது மற்றவர் என்று பொறுப்பும் இருவருக்கும் பங்காகிவிட்டது.

இதன் அடுத்த படி மணி நேரக் கணக்கு. ஒவ்வொரு நாளும் சரியாக எட்டு மணி நேரம் வர வேண்டும் என்றில்லாமல், மாத இறுதியில் மொத்தம் சரியாக இருந்தால் போதும் என்று சில நிறுவனங்கள் விடுகின்றன. செவ்வாய்க்கிழமை பள்ளியில் பெற்றோர் கூட்டத்துக்காக இரண்டு மணி நேரம் முன்னதாகக் கிளம்பியவர், புதனும் வியாழனும் ஒவ்வொரு மணி நேரம் கூடுதலாக இருந்து ஈடுகட்டிவிடுவார். ஜெர்மனியில் இதற்கென ஒவ்வொரு ஊழியருக்கும் நேரக் கணக்கு ஒன்று வைத்து, கூடுதல் மணிகளை வரவாகவும் குறைந்த மணிகளைப் பற்றாகவும் எழுதும் வழக்கம் பரவலாக உண்டு. இவை தவிர, வாரத்தின் நாற்பது மணி நேரத்தை நான்கு நாட்களில் முடிப்பது, ஒரே பணியை இரண்டு பேர் பகிர்ந்துகொள்வது, பள்ளி நடக்கும் மாதங்களில் மட்டும் வேலை செய்வது ஆகியவையும் பிரிட்டனில் வழக்கத்தில் உள்ளன. கடைசி இரண்டிலும் வேலை குறைவதற்கேற்பச் சம்பளமும் குறையும். வீட்டிலிருந்து வேலை செய்வது இவற்றோடு அடிக்கடி குழப்பிக்கொள்ளப்படுகிறது. அது இடத்தைப் பற்றியது, நாம் பேசுவது நேரத்தைப் பற்றியது. வீட்டிலிருந்தே வேலை செய்தாலும் காலை ஒன்பதிலிருந்து ஆறு வரை திரையை விட்டு எழ முடியாத நிலை இருந்தால், அதில் நேர நெகிழ்வு எதுவும் இல்லை.

தொடக்கமே தாய்மாரை முன்னிட்டுத்தான்

1960களின் மேற்கு ஜெர்மனியில் வேலைக்கு ஆள் பற்றாக்குறை கடுமையாக இருந்தது. பொருளாதார வல்லுநரும் நிர்வாக ஆலோசகருமான கிறிஸ்டல் கேமரர், வேலை நேரம் விறைப்பாக இருப்பதால்தான் குழந்தைகளோடு வீட்டில் இருக்கும் பெண்கள் வேலைக்கு வர முடியவில்லை என்று கண்டு, தொடங்கும் நேரத்தையும் முடியும் நேரத்தையும் ஊழியரிடமே விடலாம் என்று முன்மொழிந்தார். 1967இல் மியூனிக் நகருக்கு அருகே ஓட்டோபுருன் என்ற இடத்தில் இருந்த விமானத் தொழில் நிறுவனம் ஒன்று அதை நடைமுறைக்குக் கொண்டுவந்தது; பின்னாளில் மெஸ்ஸர்ஷ்மிட்-பெல்கோ-புளோம் என்று அறியப்பட்ட நிறுவனம் அது. ஆயிரக்கணக்கானோர் ஒரே நேரத்தில் வாயிலுக்கு வந்து சேர்ந்ததால் சாலையில் ஏற்பட்ட நெரிசலைத் தீர்ப்பதே அவர்களின் உடனடி நோக்கமாக இருந்தது. நெரிசல் தணிந்ததோடு, தாமதமும், சொல்லாமல் எடுக்கும் விடுப்புகளும் குறைந்தன. அதன் பின் இம்முறை ஜெர்மனி, சுவிட்சர்லாந்து முழுவதும் பரவியது. அமெரிக்க மத்திய அரசு 1978இல் ஒரு சட்டத்தின் மூலம் தன் ஊழியர்களிடையே இதைச் சோதனையாகத் தொடங்கிப் பின்னர் நிரந்தரமாக்கியது.

பெற்றோருக்கு இதனால் என்ன?

குழந்தை வளர்ப்பில் தள்ளிப்போட முடியாத வேலைகள் நிறைய. அவை நடக்கும் நேரத்தையும் பெற்றோர் தேர்ந்தெடுக்க முடியாது. பள்ளி மணி அடிக்கும் நேரம், தடுப்பூசி போடும் நேரம், காய்ச்சலில் குழந்தை விழித்துக்கொள்ளும் நேரம் எல்லாம் அலுவலக நேரத்தைப் பார்த்து வருவதில்லை. அலுவலகமும் இறுக்கமாகவே இருந்தால், இரண்டில் ஒன்றை விட்டே ஆக வேண்டும் என்ற கட்டம் வருகிறது. நம் நாட்டில் அந்தக் கட்டத்தில் வேலையை விடுவது பெரும்பாலும் பெண்தான்.

ஏன் பெண் என்பதற்கு விடை வீட்டுக்குள் இருக்கிறது. இந்திய அரசின் 2024ஆம் ஆண்டு நேரப் பயன்பாட்டு ஆய்வின்படி, சமையல், துப்புரவு போன்ற ஊதியமற்ற வீட்டு வேலைகளில் ஈடுபடும் பெண்கள் ஒரு நாளைக்குச் சராசரியாக 289 நிமிடங்களை அவற்றுக்குச் செலவிடுகிறார்கள். ஈடுபடும் ஆண்கள் செலவிடுவது 88 நிமிடங்கள். 2019இல் இவை முறையே 299, 97 நிமிடங்களாக இருந்தன. ஐந்து மணி நேரத்துக்குச் சற்றுக் குறைந்த அந்த வீட்டு வேலையை முடித்துவிட்டு அலுவலகத்திலும் எட்டு மணி நேரம் இருக்க வேண்டிய ஒருவருக்கு, காலையில் ஒரு மணி நேரம் நகர்த்திக்கொள்ளும் உரிமை இருந்தால்தான் வேலையே நிலைக்கும்.

பொருளியலுக்கான நோபல் பரிசை 2023இல் பெற்ற கிளாடியா கோல்டின் இதை ஊதியத்தின் பக்கத்திலிருந்து ஆராய்ந்தவர். அமெரிக்காவில் ஆணுக்கும் பெண்ணுக்கும் இடையே எஞ்சியிருக்கும் ஊதிய இடைவெளியின் பெரும்பகுதி, குறிப்பிட்ட நேரத்தில் கட்டாயம் இருந்தாக வேண்டும், நீண்ட நேரம் இருப்பவருக்கு அளவுக்கு மீறிய பலன் உண்டு என்ற முறையிலிருந்து வருகிறது என்று அவர் காட்டினார். பெரிய சட்ட நிறுவனங்களும் நிதித் துறையும் அப்படிப்பட்டவை. இதற்கு மாறாக அவர் எடுத்துக்காட்டியது மருந்தாளுநர் தொழிலை. நோயாளியின் மருந்து விவரங்கள் கணினியில் பதிவாகியிருப்பதாலும், மருந்துகள் ஒரே தரத்தில் ஆயத்தமாக வருவதாலும், ஒரு மருந்தாளுநர் கிளம்பினால் அடுத்தவர் தடையின்றித் தொடர முடிகிறது. அதனால் குறைந்த நேரம் வேலை செய்பவருக்கு அந்த நேரத்துக்கான கூலி மட்டுமே குறைகிறதே தவிர, மணிக்கு இவ்வளவு என்ற விகிதம் குறைவதில்லை. ஆண், பெண் ஊதிய இடைவெளியும் அங்கே மிகச் சிறியது. ஒருவர் இல்லாவிட்டால் இன்னொருவர் தொடரும்படி வேலையை வடிவமைப்பதே நேர நெகிழ்வின் அடித்தளம் என்பது இதிலிருந்து தெரிகிறது. ‘அந்தம்மா இல்லைன்னா ஒன்னும் நடக்காது’ என்று ஓர் அலுவலகத்தில் பெருமையாகச் சொல்லப்படும்போது, அந்தம்மாவுக்கு ஒரு மணி நேரம்கூட நகர வழியில்லாமல் போகிறது.

மற்றவர்களுக்கு?

குழந்தை இல்லாதவர்களுக்கும் தள்ளிப்போட முடியாத கடமைகள் உண்டு. வாரத்தில் மூன்று நாள், ஒவ்வொரு முறையும் ஏறக்குறைய நான்கு மணி நேரம் டயாலிசிஸ் செய்துகொள்ளும் தந்தையை மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லும் மகனுக்கு, ஆண்டுக்கான விடுப்பு அனைத்தும் ஒரு சில மாதங்களில் தீர்ந்துவிடும். காலையில் முதல் முறைக்கு நேரம் வாங்கிக்கொண்டு, அந்த மூன்று நாட்களும் பதினொன்றுக்கு வேலையைத் தொடங்கி இரவு முடிக்க முடிந்தால் அவர் விடுப்பைத் தொடவே தேவையில்லை. மாற்றுத்திறனாளிகளுக்கு நெரிசல் இல்லாத நேரத்தில் பேருந்தில் ஏறுவது என்பதே பெரிய வேறுபாடு. தொலைநிலைக் கல்வியில் படிப்பவர்கள், ஓய்வை நெருங்கும் வயதினர் என்று இந்தப் பட்டியல் நீளும்.

உடலின் இயல்பும் ஒரு காரணம். சிலருக்கு விடியற்காலையிலும், சிலருக்கு இரவு நேரத்திலும் மூளை சுறுசுறுப்பாக இருப்பது சோம்பலோ பழக்கமோ மட்டும் அல்ல. பெருமளவு உடலின் உள்கடிகாரத்தால் அமைவது. ஜெர்மானிய எஃகு ஆலை ஒன்றில் நடந்த ஆய்வில், இயல்பாகவே முன்னதாக எழுபவர்களை இரவு ஷிஃப்டிலிருந்தும், தாமதமாக எழுபவர்களை அதிகாலை ஷிஃப்டிலிருந்தும் விடுவித்தபோது, வேலை நாட்களில் அவர்களுடைய தூக்கம் கூடியது. 2015இல் வெளியான இந்த முடிவு, நேர நெகிழ்வு என்பது கணினி முன் உட்காருபவர்களுக்கு மட்டுமே பொருந்தும் என்ற எண்ணத்தைத் திருத்துகிறது.

கடைத் தொழிலாளர்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். அவர்களுடைய சிக்கல் நேர்மாறானது: அடுத்த வாரம் எந்த நாளில் எந்த நேரம் வேலை என்பதே கடைசி நிமிடத்தில்தான் தெரியும். அமெரிக்காவில் கேப் என்ற துணிக்கடை நிறுவனத்தின் சான்பிரான்சிஸ்கோ, சிக்காகோ பகுதிக் கடைகளில் 2015, 2016 ஆண்டுகளில் ஒரு சோதனை நடந்தது. வேலை நேரத்தை முன்கூட்டியே நிலையாக அறிவிப்பதும், தொழிலாளர்கள் கைப்பேசிச் செயலி மூலம் தங்களுக்குள் ஷிஃப்ட் மாற்றிக்கொள்வதும் அதில் அடங்கும். அந்த மாற்றங்களைச் செய்த கடைகளில் விற்பனை 7 விழுக்காடு உயர்ந்தது. அனுபவமுள்ள ஆட்கள் சரியான நேரத்தில் கடையில் இருந்தது அதற்கு ஒரு காரணமாகக் கருதப்பட்டது. முதலாளிக்கு இதனால் இழப்பு மட்டுமே என்று நினைப்பவர்கள் இந்த எண்ணைக் கவனிக்க வேண்டும். பயிற்சி பெற்ற ஓர் ஊழியர் விலகிப் போனால் புதியவரைத் தேடிப் பிடித்துப் பழக்குவதற்கு ஆகும் செலவு, அவரை பத்து மணிக்கு வரவிடுவதால் ஆகும் செலவைவிடப் பல மடங்கு அதிகம்.

யார் கையில் இருக்கிறது நேரம்?

தமிழ்நாட்டில் இந்தப் பேச்சு 2023 ஏப்ரலில் வேறொரு வடிவத்தில் வந்தது. வேலை நேரத்தை நெகிழ்வாக அமைத்துக்கொள்ள வழி செய்வதாகச் சொல்லித் தொழிற்சாலைகள் சட்டத்துக்கு ஒரு திருத்தம் ஏப்ரல் 21 அன்று சட்டமன்றத்தில் நிறைவேற்றப்பட்டது. வாரத்துக்கு 48 மணி நேரம் என்ற வரம்பு மாறாது, விரும்பும் தொழிலாளர்கள் நாளுக்கு 12 மணி நேரம் வீதம் நான்கு நாட்களில் வேலையை முடித்து மூன்று நாள் விடுப்பு எடுக்கலாம் என்று அரசு விளக்கியது. தொழிற்சங்கங்கள் ஒன்றுபட்டு எதிர்த்தன. ஆளும் கூட்டணியில் இருந்த கட்சிகளே அவையிலிருந்து வெளிநடப்புச் செய்தன. மூன்று நாட்களில் அது நிறுத்தி வைக்கப்பட்டது; மே நாளன்று முதலமைச்சர் அதைத் திரும்பப் பெறுவதாக அறிவித்தார்.

அந்த எதிர்ப்பில் நியாயம் இருந்தது என்றே நான் கருதுகிறேன். ஸ்ரீபெரும்புதூர் ஆலை ஒன்றுக்கு நிறுவனப் பேருந்தில் ஒன்றரை மணி நேரம் பயணம் செய்யும் ஒரு தாய்க்கு 12 மணி நேர வேலை என்றால், வீட்டை விட்டு வெளியே இருப்பது 15 மணி நேரம். மீதமுள்ள ஒன்பது மணி நேரத்தில்தான் சமையலும் குழந்தையும் தூக்கமும். ‘விருப்பப்பட்டால்’ என்று சட்டத்தில் எழுதியிருந்தாலும், ஒப்பந்தத் தொழிலாளி ஒருவர் மேற்பார்வையாளரிடம் ‘எனக்கு விருப்பமில்லை’ என்று சொல்லிவிட்டு மறுநாள் வேலைக்கு வர முடியுமா? இதுவரை நாம் பார்த்த பயன்கள் அனைத்தும், நேரத்தை நகர்த்தும் முடிவு ஊழியரின் கையில் இருக்கும்போது கிடைப்பவை. அந்த முடிவு நிர்வாகத்தின் கைக்குப் போய்விட்டால், அதே ஏற்பாடு தொழிலாளரை உற்பத்தியின் தேவைக்கேற்ப வளைப்பதாகிவிடும். இரவு பத்து மணிக்கு வரும் வாட்சாப் செய்திக்கும் பதில் சொல்ல வேண்டியிருக்கிற அலுவலகங்களுக்கும் இது பொருந்தும்.

சட்டங்கள் என்ன சொல்கின்றன?

இதில் படிப்படியாக முன்னேறிய நாடு பிரிட்டன். 2003 ஏப்ரலில், ஆறு வயதுக்குட்பட்ட குழந்தையின் பெற்றோரும், 18 வயதுக்குட்பட்ட மாற்றுத்திறனாளிக் குழந்தையின் பெற்றோரும் நெகிழ்வான வேலை முறையைக் கோரும் உரிமை பெற்றார்கள். 2007இல் பெரியவர்களைப் பராமரிப்பவர்களுக்கும், 2009இல் 16 வயது வரையுள்ள குழந்தைகளின் பெற்றோருக்கும் அது விரிந்தது. 2014 ஜூன் 30 முதல், 26 வாரம் பணியாற்றிய எந்த ஊழியரும் காரணம் எதுவாக இருந்தாலும் கோரலாம் என்றானது. 2024 ஏப்ரல் 6 முதல் வேலையில் சேரும் முதல் நாளிலேயே கோரலாம். ஓராண்டில் இரண்டு முறை கேட்கலாம். நிர்வாகம் இரண்டு மாதத்துக்குள் முடிவு சொல்ல வேண்டும். மறுப்பதற்கு முன் ஊழியரோடு கலந்து பேச வேண்டும். கேட்டால் கிடைத்தே தீரும் என்பதல்ல; கூடுதல் செலவு, வேலையை மற்றவர்களுக்குப் பிரித்துக்கொடுக்க இயலாமை போன்ற எட்டுக் காரணங்களில் ஒன்றைக் காட்டி மறுக்கலாம்.

2014ஆம் ஆண்டின் மாற்றத்தைத்தான் நான் மிக முக்கியமானதாகப் பார்க்கிறேன். பெற்றோருக்கு மட்டும் சலுகை என்று இருக்கும் வரை, அதைப் பயன்படுத்தும் தாய் ‘அரை மனதோடு வேலை செய்பவர்’ என்று முத்திரை குத்தப்படுகிறார். பதவி உயர்வில் அவரைத் தாண்டிச் செல்கிறார்கள். அவருடைய வேலையும் தங்கள் தலையில் விழுவதாக உடன் பணியாற்றுவோர் முணுமுணுக்கிறார்கள். தந்தையும், திருமணமாகாதவரும், ஓய்வை நெருங்குபவரும் அதே உரிமையைப் பயன்படுத்தத் தொடங்கினால், தாயை மட்டும் தனித்துக் காட்டும் நிலை மறைகிறது. சிங்கப்பூரிலும் 2024 டிசம்பர் 1 முதல் நடைமுறையில் உள்ள வழிகாட்டு நெறிகள், தகுதிகாண் காலத்தை முடித்த எல்லா ஊழியர்களுக்கும் பொதுவாகவே வகுக்கப்பட்டிருக்கின்றன; இரண்டு மாதத்துக்குள் நிர்வாகம் எழுத்து மூலம் பதில் தர வேண்டும்.

இந்தியாவில் எல்லா ஊழியர்களுக்கும் பொதுவான அத்தகைய உரிமை இல்லை. மகப்பேறு நலச் சட்டத்துக்கு 2017இல் வந்த திருத்தம் 26 வார விடுப்பைக் கொடுத்தது. ஐம்பது அல்லது அதற்கு மேற்பட்டோர் வேலை செய்யும் இடத்தில் குழந்தைகள் காப்பகம் வேண்டும் என்றும், தாய் அங்கே நாளுக்கு நான்கு முறை போய்வரலாம் என்றும் சொன்னது. வேலையின் தன்மை இடங்கொடுத்தால், விடுப்புக்குப் பிறகு வீட்டிலிருந்து வேலை செய்வதை இரு தரப்பும் பேசி முடிவு செய்துகொள்ளலாம் என்றது. இவை தாய்க்கு மட்டுமே உரியவை. குழந்தை வளர வளரத் தேவைப்படும் நேர நெகிழ்வைப் பற்றி அதில் எதுவும் இல்லை.

ஆகவே, நம் ஊரில் இதைப் பெற விரும்புபவர் நிர்வாகத்தோடு பேசித்தான் பெற வேண்டியிருக்கிறது. பேசுவதற்கு முன் ஒரு பக்கத்தில் எழுதிக்கொண்டு போவது நல்லது. ‘கொஞ்சம் நேரத்தில் தளர்வு வேண்டும்’ என்று பொதுவாகக் கேட்காமல், எந்தெந்த நாட்களில் எத்தனை மணிக்குத் தொடங்கி எத்தனை மணிக்கு முடிப்பீர்கள், மொத்த மணி நேரம் எவ்வளவு, நீங்கள் இல்லாத காலை ஒரு மணி நேரத்தில் வரும் வேலையை யார் பார்ப்பார், அதற்கு ஈடாக அவருக்கு மாலையில் நீங்கள் எதைப் பார்த்துக்கொடுப்பீர்கள், அவசரம் என்றால் எந்த நேரம் வரை உங்களை அழைக்கலாம் என்பவற்றைத் தெளிவாக எழுதுங்கள். அதே தேவையுள்ள மற்றவர்களையும் சேர்த்துக்கொண்டு, ஆண்களும் கையெழுத்திட்டு, துறை முழுமைக்கும் ஒரே முறையாகக் கேட்பது இன்னும் வலுவானது. நிர்வாகம் தயங்கினால், மூன்று மாதம் சோதனையாகச் செய்து பார்த்துவிட்டு, வேலை தேங்கியதா இல்லையா என்பதைப் பதிவேட்டை வைத்தே பேசலாம் என்று சொல்லுங்கள். ஒப்புக்கொண்டால் அதை ஒரு மின்னஞ்சலிலாவது எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். மேலாளர் மாறினாலும் ஏற்பாடு மாறாமல் இருக்க அந்த எழுத்து வேண்டும்.